வீமனுக்கு விசர் இல்லை

மாட்டு டொக்டரை நாய் கடித்துவிட்டது என்று கேள்விப்பட்டால் யாருக்கும் சிரிப்பு வரும். எனக்கும் வந்தது, முதல் நாள் மட்டும். எங்கள் சனங்களுக்கு ஆடு, கோழி, நாய் எதற்கு மருந்து கொடுத்தாலும் மாட்டு டொக்டர்தான். நான் பெண் என்பதால் மாட்டு டொக்டரம்மா. சாவகச்சேரிப் பக்கத்தில் ஒரு சின்ன மிருக வைத்தியசாலையில் நெடுங்காலம் வேலை பார்த்தவள். மாடு உதைத்திருக்கிறது, சேவல் கொத்தியிருக்கிறது, பூனை பிறாண்டியிருக்கிறது. ஒன்றுக்கும் நான் கட்டிலில் படுத்ததில்லை.

இப்போது நடக்கிறேன். இடது கால் கொஞ்சம் இழுபடும். சந்தையில் என்னைக் காண்கிறவர்கள் பக்கத்தில் நிற்பவரிடம், “விசர் நாய் கடிச்சும் தப்பின மனிசி உவதான்” என்று காட்டுகிறார்கள். தப்பினேன் என்பது உண்மை. விசர் நாய், அதாவது வெறிநாய், என்பது பொய். அந்தப் பொய்யைத் திருத்தித் திருத்தி எனக்கு வாய் உளைந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன். வாசிக்கிறவர்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி.

தொண்ணூறுகளின் தொடக்கம், சண்டைக் காலம். மின்சாரம் இல்லை, பாதை இல்லை, மண்ணெண்ணெய் இருந்தால் அது நல்ல நாள். மரம் அரிந்து விற்கும் மரக்காலை வைத்திருந்த இராசையா ஒரு காலை நேரம் தன் நாயைக் கூட்டிக்கொண்டு வந்தார். மண்ணிறம், அகன்ற நெஞ்சு, பெயர் வீமன். கயிற்றைப் பிடித்துக்கொண்டு மனுசர் வாசலிலேயே நின்றார்.

“டொக்டரம்மா, முந்தநாள் உவனுக்கு வலிப்பு இழுத்தது. வாயெல்லாம் நுரை. மனிசி விசரெண்டு நிக்கிறா. எனக்கெண்டால் நம்பிக்கையில்லை. உவன் என்ரை கையாலை பாண் திண்டு வளந்தவன்.”

“இழுத்து முடிஞ்ச பிறகு என்ன செய்தவன்?”

“கொஞ்ச நேரம் குருடன் மாதிரிச் சுவரிலை முட்டிக்கொண்டு திரிஞ்சான். பிறகு வாளித் தண்ணியை முழுக்கக் குடிச்சான். பிறகு பழைய வீமன்தான்.”

கதையைக் கேட்டதும் எனக்குப் பாதி விளங்கிவிட்டது. இதை மற்றவர்களுக்கும் விளங்கச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மிச்சக் கதையெல்லாம் இதில்தான் தொங்குகிறது.

வலிப்பு என்பது ஒரு நோயின் பெயர் அல்ல. மூளைக்குள் சின்னச் சின்ன மின்னோட்டங்கள் எந்நேரமும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்த ஒழுங்கு திடீரென்று குலைந்தால் உடம்பு அதை வலிப்பாகக் காட்டும். நாயில் அது பல விதமாக வரும். முழு உடம்பையும் பிடிக்கிற வலிப்பைத்தான் எல்லாரும் கண்டிருப்பார்கள்: நாய் பக்கவாட்டில் விழும், கால்கள் விறைக்கும், பிறகு நீந்துவதுபோல் அடிக்கும், தாடை பூட்டிக்கொள்ளும், நுரை தள்ளும், இருந்த இடத்திலேயே மூத்திரம் போகும். இன்னொரு வகை உடம்பின் ஒரு மூலையை மட்டும் பிடிக்கும். ஒரு பக்க உதடு துடிக்கும், அல்லது ஒரு முன்னங்கால். நாய் முழு நினைவோடு உங்களைப் பார்த்துக்கொண்டே நிற்கும். சில வேளை அந்த மூலையில் தொடங்கியது பரவி முழு உடம்பையும் விழுத்தும். வேறொன்று இருக்கிறது, அதை வலிப்பென்றே பலர் நம்பமாட்டார்கள். இல்லாத ஈயைக் கவ்விப் பிடிக்கும், வெறுஞ்சுவரைப் பார்த்துக் குரைக்கும். ஒன்று முடிந்து நினைவு திரும்பும் முன்பே அடுத்தது வந்தால், அல்லது வந்தது நிற்காமலே இழுத்தால், அது உயிருக்கு ஆபத்து. உடனே மருந்து ஏற்ற வேண்டும்.

காரணங்களும் பல. பூச்சிமருந்து தின்ற நாய்க்கு இழுக்கும். நிறையக் குட்டிக்குப் பால் கொடுக்கும் தாய்நாய்க்குச் சுண்ணாம்புச் சத்து இறங்கி இழுக்கும். தலையில் அடிபட்டாலும் இழுக்கும், மூளையைத் தாக்கும் காய்ச்சலிலும் இழுக்கும். இவை ஒன்றும் இல்லாமல், தேடினாலும் காரணம் அகப்படாமல், இரத்த வழியில் வருவதும் உண்டு. மனிதரில் காக்கை வலிப்பு என்கிறோமே, அதே சங்கதி. குட்டிப் பருவம் தாண்டி, இளவட்டமாக இருக்கும்போது தொடங்கும். ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளில் ஒன்றுக்கு மேற்பட்டவைக்கும் வரலாம்.

விசரிலும் வலிப்பு வரும். அதை மறைத்தால் நான் வைத்தியர் இல்லை. ஆனால் விசர் வந்த நாய் திரும்பி வராது. இன்றைக்கு இருந்ததைவிட நாளை மோசம், பத்து நாளுக்குள் சாவு. காக்கை வலிப்பு வந்த நாய் வலிப்புக்கும் வலிப்புக்கும் நடுவில் முழுச் சுகத்தோடு திரும்பி வரும். ஆகவே பார்க்க வேண்டியது இழுக்கிற நேரத்தை அல்ல, இழுத்து முடிந்த பிறகு உள்ள நேரத்தை. ஆனால் சனம் இழுக்கிற நேரத்தைத்தான் பார்க்கும். நுரையைக் கண்டால் அடிக்கப் பொல்லு எடுக்கும்.

இதையெல்லாம் இராசையாவுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வீமன் விழுந்தான். மேசைக்குப் பக்கத்தில், சீமெந்து நிலத்தில், படாரென்று. “தொடாதையுங்கோ, தானாய் நிக்கும்” என்றேன். தலைக்குக் கீழே சாக்கு மடித்து வைக்கத் திரும்பினேன். அதற்குள் இராசையா மடியிலிருந்த திறப்புக்கோர்வையை, சாவிக்கொத்தை, உருவிவிட்டார்.

எங்கள் ஊரில் வலிப்பு வந்தவன் கையில் இரும்பைத் திணிப்பது பிறந்த பிள்ளைக்கும் தெரிந்த வைத்தியம். பேருந்தில் ஒருத்தன் இழுபட்டு விழுந்தால் பத்துப் பேர் பத்துத் திறப்போடு பாய்வார்கள். இரும்பால் வலிப்பு நிற்பதில்லை. அது தானாக நிற்கும் நேரத்தில் நிற்கிறது, பெயர் இரும்புக்குப் போகிறது. மனிதனுக்கென்றால் உள்ளங்கை இருக்கிறது. நாய்க்கு? இராசையாவும் ஒரு கணம் அதைத்தான் யோசித்திருக்க வேண்டும். பிறகு மரக்காலைத் திறப்பு, அலுமாரித் திறப்பு, வீட்டுத் திறப்பு எல்லாவற்றையும் சேர்த்து வீமனின் வாய்க்குள் செருகினார்.

அது தொண்டைக்குள் போனால் நாய் மூச்சடைத்துச் சாகும். வலிப்பு வந்த நாயின் வாய்க்குக் கிட்டக் கை கொண்டுபோகக் கூடாது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த நான், கையை விட்டேன். திறப்புக்கோர்வை வெளியே வந்தது. என் வலது கை வரவில்லை. வீமன் என்னைக் கடிக்கவில்லை. அவன் தாடை பூட்டிக்கொண்ட நேரம் என் கை அங்கே இருந்தது, அவ்வளவுதான். இந்த வித்தியாசத்தையும் இன்றுவரை யாரும் ஏற்கவில்லை.

சவர்க்காரம் போட்டு நெடுநேரம் கழுவினேன். இராசையா, “ஐயோ டொக்டரம்மா, ஐயோ டொக்டரம்மா” என்று தலையில் அடித்துக்கொண்டு நின்றார். வீமன் எழும்பி, சுவரில் முட்டி, என்னைக் கண்டு வாலாட்டினான். அவனுக்கு எதுவும் தெரியாது.

“சங்கிலியிலை கட்டி வையுங்கோ. சாப்பாடு, தண்ணி குடுங்கோ. இழுத்தாலும் ஒருத்தரும் கிட்டப் போகவேண்டாம். பத்து நாளைக்கு அவன் உயிரோடை இருந்தால் எனக்கு ஒண்டுமில்லை. விளங்குதோ? அவன் இருக்க வேணும்.”

“ஓம் டொக்டரம்மா. என்ரை பிள்ளையைப் போலப் பாக்கிறன்.”

எங்களைப்போல் வேலை செய்பவர்களுக்கு முன்கூட்டியே போட வேண்டிய தடுப்பூசி அந்த நாட்களில் எங்களுக்கு வந்து சேரவில்லை. நாய்களுக்குப் போடும் ஊசிமருந்தும் குளிர்ப்பெட்டி இல்லாமல் பழுதாகிப் பலகாலம். ஆகவே வீமனுக்கும் பாதுகாப்பு இல்லை, எனக்கும் இல்லை. விசர் வராது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வந்தால் மருந்து கிடையாது, சாவு மட்டும்தான். யாழ்ப்பாணம் போய் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன்.

அங்கே என் கடிக்கு என்ன மதிப்பு? விறாந்தையெல்லாம் காயப்பட்டவர்கள். கால் இல்லாதவர் பாயில் கிடக்க, கை இல்லாதவர் அவருக்குத் தண்ணீர் பருக்கினார். அவர்களைத் தாண்டிப் போய், “என்னை நாய் கடிச்சுது” என்று சொல்ல வெட்கமாக இருந்தது. “நீங்கள் மிருக டொக்டரே? பிறகு ஏன் கடிபட்டனீங்கள்?” என்று ஊசி போட வந்த மிஸி கேட்டார். நல்ல கேள்வி.

ஊசி தினமும் ஒன்று, வயிற்றில், தொப்புளைச் சுற்றி. நேற்றுப் போட்ட இடம் கட்டிபட்டு நிற்க, இன்றைக்கு அதற்குப் பக்கத்தில். அந்த மருந்து ஆட்டு மூளையில் கிருமியை வளர்த்து, கிருமியைக் கொன்று செய்வது. ஆஸ்பத்திரி வாட்டைப் பார்த்த வைத்தியர் இளையவர், பொறுமையானவர். “நாய் சுகமாய் நிண்டால் இடையிலை நிப்பாட்டிவிடலாம் டொக்டர். தேவையில்லாமல் முழுக்கப் போடக் கூடாத மருந்து இது” என்றார். ஏன் கூடாது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். சிலருக்கு அந்த மருந்தே நரம்பைப் பாதிக்கும். ஆகவே என் கால் இரண்டும் அந்த நேரம் ஒரு மரக்காலையின் பின்பக்கத்தில், ஒரு சங்கிலியில் கட்டியிருந்தன என்று சொல்லலாம்.

என் கணவர் சிவநாதன் கணித வாத்தியார். பள்ளிக்கூடம் விட்டதும் மரக்காலைக்குப் போய் வீமனைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து சைக்கிளில் யாழ்ப்பாணம்வரை வருவார். அந்தத் தூரம், அந்த வெயில், ஒட்டுப்போட்ட டயர். வந்ததும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு முதல் சொல்வது அதுதான்: “வீமன் சாப்பிட்டவன். என்னைக் கண்டு வாலாட்டினவன்.” கையில் சோற்றுப் பொட்டலம் இருக்கும். கல்யாணம் முடித்த காலத்தில்கூட அவர் எனக்காக இவ்வளவு அலைந்ததில்லை. உள்ளுக்குள் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

ஒருநாள் வழமையைவிட முந்தி வந்தார். முகம் தெளிந்திருந்தது.

“உமக்கு இனிப் பயமில்லை. அதை முடிச்சாச்சு.”

“எதை?”

“வீமனைத்தான். இண்டைக்கு நான் அங்கை நிக்கேக்கை திருப்பி இழுத்தது. என்ரை கண்ணாலை பாத்தனான். நுரை, பல்லுக்கடி, மூத்திரம். பாத்துக்கொண்டு நிக்கேலாமல் போச்சு. உம்மடை கையைக் கடிச்ச வாயெல்லே அது. இராசையா அண்ணை மாட்டனெண்டு அழுதவர். நான்தான் அடியுங்கோ எண்டு சொன்னனான். பெடியள் நாலு பேர் பொல்லாலை தலையிலை போட்டாங்கள்.”

படுத்திருந்த நான் எழும்பி இருந்தேன். பிறகு கேட்டேன்: “தலையை வைச்சிருக்கிறியளே?”

விசரா இல்லையா என்று செத்த நாயின் மூளையைப் பார்த்தும் சொல்லலாம். கொழும்புக்கு அனுப்ப வழியில்லாவிட்டாலும் என்னிடம் ஒரு பழைய நுணுக்குக்காட்டி இருந்தது. ஏதாவது பார்த்திருக்கலாம்.

“தலையோ? மரத்தூளைக் குவிச்சு முழுசாய்க் கொளுத்திப்போட்டம். ஒரு கிருமியும் மிஞ்சியிராது.” அதைச் சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

“இழுத்து முடிஞ்சு எழும்பும்வரைக்கும் பாத்தனீங்களே?”

“அதை ஏன் நான் பாக்கவேணும்?”

கொஞ்ச நேரம் பொறுத்திருந்தால் எழும்பியிருப்பான். சுவரில் முட்டியிருப்பான். தண்ணீர் குடித்திருப்பான். இதைச் சொல்லவும் எனக்குத் தெம்பில்லை. சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துத் தந்தார். முருங்கைக்காய்க் கறி, எனக்குப் பிடிக்கும் என்று. வாங்கிச் சாப்பிட்டேன். கோபம் வரும் என்று நினைத்தேன், பசிதான் வந்தது.

மறுநாள் காலை வைத்தியர் கட்டிலருகே கதிரையைப் போட்டு இருந்தார்.

“உங்கடை தொழிலின்படி என்ன சொல்லுறியள்?”

“காக்கை வலிப்பு.”

“நிச்சயமோ?”

“நிச்சயம்.”

“அப்ப ஊசி வேண்டாமெண்டு எழுதிக் கையெழுத்து வைப்பியளோ? வைச்சால் நான் நிப்பாட்டுறன்.”

அவர் என்னை மடக்கக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். வீமன் இருந்திருந்தால் அந்தக் கேள்வியே வந்திராது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நிச்சயம் என்று ஊரான் வீட்டு நாய்க்குச் சொல்லலாம். சொந்த உயிர் என்று வந்தால் மிச்சம் இருக்கிற ஒரு பங்குதான் பெரிதாகத் தெரியும். ஊசிக்கு வயிற்றைக் காட்டினேன்.

அதற்குப் பிறகு ஒரு விடியலில் எழும்பிக் கக்கூசுக்குப் போகக் காலை நிலத்தில் வைத்தேன். நிலம் தெரியவில்லை. கால் இருக்கிறது, கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் வேறு யாருடையதோ. விழுந்தேன். பொழுதுபடுவதற்குள் இரண்டு காலும் போய்விட்டன. மூத்திரமும் போகவில்லை, குழாய் வைத்தார்கள்.

ஊசியை அன்றே நிறுத்தினார்கள். மருந்திலிருந்த ஆட்டு மூளையை எதிரியென்று கண்டு பழகிய உடம்பு, தன் சொந்த நரம்பையும் எதிரியென்று நினைத்து அடிக்கத் தொடங்கியிருக்கலாம். ஆள் மாறி அடிப்பது எங்கள் ஊரில் புதுசா என்ன. வீக்கத்தைத் தணிக்க ஸ்டீரொயிட் மருந்து ஏற்றினார்கள். ஆனால் வைத்தியர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். ஏன் என்று எனக்குத் தெரியும். விசரில் ஒரு வகை இருக்கிறது. குரைப்பு இல்லை, வெறி இல்லை. காலிலிருந்து மேலே மேலே மரத்துக்கொண்டு வந்து, கடைசியில் மூச்சை நிறுத்தும். நான் அதை மாடுகளில் கண்டிருக்கிறேன். பின்னங்கால் இழுபட நிற்கும் மாட்டைப் பார்த்து, “இனிச் செலவழிக்காதையுங்கோ” என்று உரிமைக்காரனிடம் சொல்லியிருக்கிறேன்.

ஆக, என் கால்களை எடுத்தது ஊசியா, விசரா? பதில் தெரிந்த ஒரே ஒரு சாட்சி வீமன். அவனைத்தான் மரத்தூளில் எரித்துவிட்டார்களே.

என்னை வாட்டின் கடைசியில் ஒரு தனி அறைக்கு மாற்றினார்கள். விசர் ஏறினவருக்கு வெளிச்சம் ஆகாதென்று யன்னலுக்குத் துணி கட்டினார்கள். சாப்பாடு கொண்டுவருகிற பெண் கோப்பையை வாசற்படியில் வைத்துவிட்டுக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போவாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். என் எச்சில் பட்டால் தனக்கும் வருமோ என்ற பயம் அவளுக்கு. உடுப்பிட்டியிலிருந்து என் அக்கா வந்தாள். துணியை அவிழ்த்து யன்னலைத் திறந்தாள், கட்டிலில் ஏறியிருந்து என் தலையைச் சிக்கெடுத்து வாரிப் பின்னினாள். “விசரெண்டால் எனக்கும் வரட்டும், உந்தத் தலையை இப்பிடியே விடேலாது” என்றாள். ஆஸ்பத்திரியில் நான் அழுதது அந்த ஒருதரம்தான்.

விசர் ஏறினவருக்குத் தண்ணீர் இறங்காது. தொண்டை இறுகும், தண்ணீரைக் கண்டாலே துடிக்கும். அதனால் என் கணவர் தினமும் வந்ததும் மூக்குப்பேணியில் தண்ணீர் ஊற்றித் தருவார். “குடியும்” என்பார். நான் குடிப்பேன். என் தொண்டையையே பார்த்துக்கொண்டு நிற்பார். இறங்கியதும் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் பள்ளிக்கூடக் கதை சொல்லத் தொடங்குவார். தாகமா என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. காலையில் மிஸி குடிக்கச் சொல்வார், மத்தியானம் வைத்தியர், பின்னேரம் இவர். என் வாழ்நாளில் அவ்வளவு தண்ணீர் நான் குடித்ததில்லை.

ஒரு பின்னேரம் புரைக்கேறிவிட்டது. சாதாரணமாக யாருக்கும் ஏறுகிற புரைதான். நான் இருமி, தண்ணீர் மூக்கால் வந்தது. பேணி கீழே விழுந்து உருண்டது. அவர் பின்னுக்குப் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். பிறகு, “மிஸி! மிஸி!” என்று வாட்டே திரும்பிப் பார்க்கக் கத்தினார். மிஸி ஓடிவந்து முதுகைத் தட்டினார், இருமல் நின்றது. இன்னொரு பேணி தண்ணீர் தந்தார், குடித்தேன். என் கணவர் சுவரை விட்டு அகலவில்லை. அந்த முகத்தைப் பார்க்க எனக்கு இரக்கமாக இருந்தது. “நீங்கள் தூக்கச் சொன்ன பொல்லாலைதானே இந்தக் கூத்தெல்லாம்” என்று கேட்க வேண்டும் போலவும் இருந்தது. கேட்கவில்லை.

இராசையாவும் ஒருநாள் வந்தார், கதலி வாழைப்பழச் சீப்போடு. வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு கதைத்தார்.

“நல்ல காலம் டொக்டரம்மா. அண்டைக்கே அடிச்சபடியால் ஊரும் தப்பினது, நீங்களும் தப்புவியள். வாத்தியார் நிண்டு சொல்லாட்டி நான் கை வைச்சிருக்க மாட்டன். நீங்கள் சுகமாகிட்டியள் எண்டால் என்ரை வீமன் செத்ததுக்கும் ஒரு கணக்கு.”

நான் நன்றி சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ, அப்படியே நின்றார். “வைச்சிட்டுப் போங்கோ” என்றேன். பழம் நல்ல இனிப்பு.

ஒரு காலை, அக்கா கால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தபோது வலது காலின் பெருவிரல் அசைந்தது. இருவரும் பார்த்தோம். திரும்ப அசைத்தேன், அசைந்தது. அக்கா பிள்ளையாரைக் கூப்பிட்டாள். நான் வைத்தியரைக் கூப்பிட்டேன். அவர் வந்து ஊசியால் குத்திப் பார்த்தார், முழங்காலைத் தட்டிப் பார்த்தார். பிறகு, என் கால் விழுந்தபின் முதன்முதலாக, என் முகத்தை நேரே பார்த்துச் சிரித்தார். விசர் கொண்டுபோனதைத் திருப்பித் தராது. திரும்பி வருகிறதென்றால் அது விசர் இல்லை. ஊசிதான் விழுத்தியது. யன்னலுக்கு அதன்பிறகு துணி கட்டவில்லை. சாப்பாட்டுக்காரப் பெண் அன்றுமுதல் கோப்பையைக் கையில் தந்தாள்.

இனி மெல்ல மெல்ல. இருக்கப் பழகி, நிற்கப் பழகி, சுவரைப் பிடித்து நடக்கப் பழகி. குழாயை எடுத்த நாளில் எனக்கிருந்த சந்தோசத்தை மரியாதையான எழுத்தில் சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்தபோது ஊர் திரண்டு வந்து பார்த்தது. “விசர் கடிச்சும் தப்பிட்டா” என்றது. விசர் இல்லை, ஊசி என்றேன். “ஓமோம், ஊசியாலைதானே தப்பினனீங்கள்” என்றது. வீட்டில் அவரோடு இதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. அவரும் பேசவில்லை. ஆனால் தேத்தண்ணி தந்தால், நான் முதல் மிடறு விழுங்கும்வரை நின்று பார்ப்பார். மாதக்கணக்காகியும் அந்தப் பழக்கம் போகவில்லை.

மீண்டும் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு, சைக்கிள் கரியரில் அவர்தான் என்னை ஏற்றி இறக்குவார். ஒரு பின்னேரம் அவர் என்னைக் கூட்டிப்போக வந்து நிற்கும்போது, வாசலில் இராசையா. கையில் இன்னொரு கயிறு, அதில் மண்ணிறப் பெட்டை நாய் ஒன்று.

“இது ரோசி, டொக்டரம்மா. வீமனோடை ஒரே வயித்திலை பிறந்தது. என்ரை தமையன் வீட்டிலை வளந்தது. போன மாதமும் இழுத்ததாம், இப்பவும் இழுத்துதாம். அடிக்கப் போனாங்கள். நான்தான், பொறுங்கோ, டொக்டரம்மாட்டைக் காட்டிப்போட்டு வாறன் எண்டு...”

சொல்லி முடியவில்லை. ரோசியின் ஒரு பக்க உதடு துடித்தது. பிறகு முன்னங்கால். பிறகு முழு உடம்பும் விறைத்து விழுந்தது. அதே சீமெந்து நிலம். நுரை, பல்லுக்கடி, மூத்திரம். இராசையாவின் கை மடிக்குப் போனது. நான் அவரைப் பார்த்தேன். கையை எடுத்துவிட்டார்.

“ஒருத்தரும் தொடவேண்டாம். பாருங்கோ. முடியும்வரைக்கும் நிண்டு பாருங்கோ” என்றேன். இராசையாவுக்குத்தான் சொன்னேன், ஆனால் குரல் வாசல்வரைக்கும் போனது.

மூவரும் நின்றோம். கால் அடிப்பது தளர்ந்தது, நின்றது. ரோசி கிடந்து மூச்சு வாங்கியது. எழும்பியது, விழுந்தது, திரும்ப எழும்பியது. சுவரில் முட்டியது. என் மேசைக் காலில் முட்டியது. பிறகு மூக்கை நீட்டி மணந்து மணந்து வாளிக்குப் போய்த் தலையை உள்ளே விட்டுத் தண்ணீர் குடிக்கத் தொடங்கியது. களக் களக்கென்று சத்தம். நெடுநேரம் குடித்தது.

“தண்ணி குடிக்குது” என்றார் என் கணவர். யாரிடம் என்றில்லாமல் சொன்னார்.

“அப்ப வீமன்...” என்று தொடங்கிய இராசையா அதோடு நிறுத்திக்கொண்டார். ரோசிக்குக் கொடுக்க என்னிடம் கொஞ்சம் வலிப்பு மாத்திரை இருந்தது. மனிதருக்குக் கொடுக்கிற அதே வெள்ளை மாத்திரைதான். அளவு சொல்லிக் கொடுத்தனுப்பினேன். போகும்போது அவர் மடியிலிருந்த திறப்புக்கோர்வை கிலுங்கியது, அதைக் கையால் பொத்திக்கொண்டு போனார்.

வீட்டுக்கு என் கணவர் சைக்கிள் மிதித்தார். கரியரில் இருந்த எனக்கு அவருடைய முதுகு மட்டும்தான் தெரிந்தது, சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. வயல்வெளி தாண்டும்போது கேட்டார்.

“அண்டைக்கு நான் கொஞ்சம் பொறுத்து நிண்டிருந்தால், உமக்கு ஊசியை இடையிலை நிப்பாட்டியிருப்பினமே?”

பொய் சொல்லியிருக்கலாம். என்னை ஏற்றிக்கொண்டு எதிர்காற்றில் மிதிக்கிற மனிதர். நிறுத்தியிருந்தாலும் கால் போயிருக்கலாம், யாருக்குத் தெரியும் என்று சொல்லியிருக்கலாம், அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. ஆனால் வீமனுக்காக உண்மை சொல்ல உலகத்தில் வேறு ஒருவரும் இல்லை.

“ஓம்” என்றேன்.

மிதிப்பது ஒரு கணம் நின்றது. பிறகு சைக்கிள் திரும்ப ஓடியது. வீட்டு வாசலில் என்னைக் கைகொடுத்து இறக்கினார், சைக்கிளைச் சுவரில் சாத்தினார், உள்ளே போய் மூக்குப்பேணியில் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் தந்தார். அன்றைக்கு அவர் நின்று பார்க்கவில்லை. கிணற்றடிப் பக்கம் போய்விட்டார்.

எனக்கு உண்மையாகவே தாகமாக இருந்தது. குடித்தேன்.